அக்காவின் குரலில் எட்டு மாதம்

சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த மாடி அறையில் ஃபோன் அடித்தால், அது கிடக்கும் இரும்புக் கட்டிலும் சேர்ந்து 'கிர்ர்' என்று அதிரும். ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்படி அதிர்ந்தால், விருதுநகர்ப் பக்கத்து ஊரிலிருந்து அப்பா கூப்பிடுகிறார் என்று பொருள். அண்ணன் ஃபோனை என்னிடம் நீட்டிவிடுவான்.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது, அவனுக்கு இருபத்திரண்டு. அப்பாவைப் பொறுத்தவரை அவன் மூத்த மகள். அம்மா இறந்தபின் இங்கே எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி வேலைக்கு வந்து, என்னையும் கூட்டிவந்து பள்ளியில் சேர்த்தவன். அப்பா வைத்த பெயரை நான் இந்தக் கதையில் எழுதவில்லை. கதிர் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு, சென்னையில் ஒரு மருத்துவமனைக்குப் போய் ஹார்மோன் ஊசி போட்டுவந்தான். சில மாதங்களில் குரல் உடைந்தது. "இன்னாமா, உங்க அக்காவுக்கு எப்பப் பாத்தாலும் தொண்ட கட்டிக்கினே கீது? ஐஸ் கம்பெனிலயா வேல?" என்று வீட்டுக்காரம்மா குழாயடியில் சிரிப்பார். அவரைச் சமாளித்துவிடலாம். அப்பாவுக்குத் தெரிந்தால் இருவரையும் ஊருக்கு இழுத்துப்போவார். அவனுக்குக் கல்யாணம் நடக்கும், எனக்குப் படிப்பு நிற்கும்.

குரல் உடைவதற்கு முன், ஃபோனில் எங்கள் இருவர் குரலும் ஒன்றுபோல இருக்கும் என்று ஊரில் சொல்வார்கள். ஆகவே அவனுக்குப் பதிலாக நான் பேசினேன். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நான்கு பதில்கள் எழுதித் தந்திருந்தான். ஒன்று, சாப்பிட்டேன்பா. இரண்டு, இன்னிக்கி 'ஓவர்டைம்' இருக்கு. மூன்று, லீவு தரமாட்டேங்காங்க. நான்கு, வேறு எது கேட்டாலும், சரிப்பா. "தங்கச்சிகிட்ட குடு தாயி" என்று அப்பா சொன்னால், மனதுக்குள் ஐந்துவரை எண்ணிவிட்டு நானாகப் பேசுவேன். எட்டு மாதம் ஒரு பிழையும் நேரவில்லை.

பிறகு ஒரு ஞாயிறு, "நல்ல எடம் ஒண்ணு வந்திருக்கு தாயி. அடுத்த ஞாயித்துக்கெழம மாப்பிள வீட்டாளுகளோட அங்கன வாரோம். ஒனக்குச் சம்மதந்தான?" என்றார். முதல் மூன்று பதில்களும் பொருந்தவில்லை. "சரிப்பா" என்றேன்.

நடந்ததைச் சொன்னபோது அண்ணன் திட்டவில்லை. "எத்தன நாளைக்கு ஒளியிறது? வரட்டும்" என்றான்.

அப்பா மட்டும் முதலில் மாடியேறி வந்தார். கதவைத் திறந்தவன் முகத்தில் மெல்லிய மீசை. "நாந்தாம்ப்பா" என்றான், அவனுடைய குரலில். அப்பா அவனை ஒரே ஒரு முறைதான் பார்த்தார். என் பக்கம் திரும்பி, "அப்ப எங்கிட்ட சரின்னு சொன்னது ஆரு?" என்றார். வகுப்பில் தூக்குவதுபோல் நான் கையைத் தூக்கினேன். கீழே வேனில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு ஆறு பேர் காத்திருந்தார்கள். அவர்களிடம் இறங்கிப்போய் என்ன சொன்னாரோ, வேன் கிளம்பிப்போனது. நாங்கள் பயந்தது எதுவும் நடக்கவில்லை. எங்களை இழுத்துப்போகவில்லை, அதன்பின் ஃபோனில் கூப்பிடவும் இல்லை.

அந்த வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். அண்ணன் பென்னலூரில் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசர்; அடையாள அட்டையில் கதிர் என்றே இருக்கிறது. நான் டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஞாயிறு காலைகளில் இப்போது யாரும் அழைப்பதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நான்தான் அப்பாவை அழைக்கிறேன். என் எண் அவரிடம் பதிவாகியிருக்கிறது. ஆனாலும் எடுத்ததும், "ஆரு பேசுறது?" என்கிறார். பெயரைச் சொல்கிறேன். "நீதானா?" என்று இன்னொரு முறை கேட்கிறார்.