ரோஸ் எங்களுடையது

குன்னூர் மார்க்கெட்டில் நேற்று ஒருவர் அட்டைப் பெட்டி நிறையச் சாயம் பூசிய கோழிக்குஞ்சுகளை விற்றுக்கொண்டிருந்தார். குனிந்தபோது எழுந்த தவிட்டு வாசனை, கீழ் கோத்தகிரியில் இப்போது வெறும் தேயிலைச் செடியாகிவிட்ட எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளுக்கு என்னைக் கொண்டுபோனது.

அங்கே குஞ்சு பொரித்ததும் அம்மா ஒவ்வொன்றாகச் சாயத் தண்ணீரில் முக்கி, அடுப்போரம் கூடைக்கடியில் காயவைப்பாள். நிறம் மாறிய குஞ்சைப் பருந்து தொடாது என்று லைனில் எல்லோரும் நம்பினார்கள். எங்களுக்கு ரோஸ், பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவுக்குப் பச்சை என்பதால், பகலெல்லாம் கலந்து மேய்ந்தாலும் சாயங்காலம் பிரிப்பதில் தகராறு வராது.

லீவு நாட்களில் அம்மாவும் ஸ்டெல்லா அக்காவும் கொழுந்து பறிக்கும் மேட்டுக்கு நானும் போவேன். கீழே லைன் வாசலில் தாய்க்கோழி ஒருமாதிரி நீட்டிக் கத்தும், குஞ்சுகள் செடிக்கடியில் ஓடும், பருந்து இறங்கி ஏறும்போது அதன் காலில் ஒரு நிறம் தெரியும்.

"ஏனுங்கக்கா, உங்க ரோஸ் போகுதுங்க" என்பார் ஸ்டெல்லா அக்கா.

"நேத்து உன்னுது போச்சு, இன்னைக்கு என்னுது" என்பாள் அம்மா, கொழுந்திலிருந்து கையை எடுக்காமல்.

சாயத்துக்குப் பருந்து பயந்ததேயில்லை. போவது யாருடையது என்று தெரிந்தது, அவ்வளவுதான். ஆனாலும் அடுத்த முறை குஞ்சு பொரித்தபோதும் இரண்டு வீட்டிலும் சாயம் கரைத்தார்கள்.

"எந்தக் கலர் வேணுங்க?" என்றார் மார்க்கெட்டில் குஞ்சு விற்றவர்.

பச்சைதான் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் அது ஸ்டெல்லா அக்காவுடையது. ரோஸில் இரண்டு கேட்டேன்.