அலுமினியத்தில் இரண்டு கோடுகள்

அறுபதுகளின் கடைசியில் செம்பூருக்கு அப்பால் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. அலுமினியத் தகட்டின் மேல் லேசர் ஒளியை ஊசிமுனை அளவுக்குக் குவித்தால், அந்த இடம் கண் இமைப்பதற்குள் ஆவியாகிப் பிளாஸ்மாவாகிவிடும். அதன் ஒளியைப் புகைப்படத் தட்டில் கோடுகளாகப் பதிவுசெய்து, எவ்வளவு சூடு என்று கணக்கிட வேண்டும். சூடு போதுமான அளவு ஏறினால் சூரியனில் நடப்பதுபோல ஒருநாள் இங்கேயும் அணுக்கள் இணையும். மாதுங்கா மெஸ்ஸில் இதை விளக்கியபோது ஒருவர், "கரண்ட் பில் குறையுமோ?" என்று கேட்டார். குறையும் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

கருவிகளைப் பார்த்துக்கொண்டவர் தாராவியில் குடியிருந்த திருநெல்வேலிக் கிறிஸ்தவர். அதிகம் பேசமாட்டார். தற்காலிக வேலை. அது நிரந்தரமாவது நான் எழுதப்போகும் அறிக்கையில் இருந்தது. அந்த நினைப்பிலேயே கொஞ்சம் நிமிர்ந்து நடந்தேன்.

ஒருநாள் புகைப்படத் தட்டில், அலுமினியக் கோடுகளுக்கு இருபுறமும் காவல் நிற்பதுபோல இரண்டு புதிய கோடுகள். எலெக்ட்ரான்களை ஏராளமாக இழந்த அலுமினியம், அப்படியானால் யாரும் எட்டாத சூடு என்று முடிவு கட்டினேன். குர்லாவில் வண்டி மாறும்போது மனதுக்குள் மாலை மரியாதையெல்லாம் நடந்து முடிந்திருந்தது.

ஆனால் திருநெல்வேலிக்காரர் தகடு பொருத்திய நாட்களில் அந்தக் கோடுகள் வரவில்லை. நான் பொருத்தினால் வந்தன. கை சுத்தமில்லை என்று எல்லார் முன்னிலையிலும் அவரைத் திட்டினேன்.

"எப்பவும்போலத்தான் சார் மாட்டுனேன்," என்றார்.

கவனக்குறைவானவர், நிரந்தரமாக்கத் தகுதியில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் எங்கள் தலைவர், ஒரு மராத்தியர், பூதக்கண்ணாடியில் தட்டைப் பார்த்தார். இது கால்சியம், எம்.எஸ்ஸி. மாணவனுக்கே தெரியுமே என்றார். தகட்டில் கால்சியம் எப்படி வந்தது என்று கேட்டபடி தலையை உயர்த்தியவரின் பார்வை என் நெற்றியில் நின்றுவிட்டது. ஒவ்வொரு முறையும் லேசரை இயக்கும் முன் சட்டைப்பைப் பொட்டலத்திலிருந்து விபூதி இட்டுக்கொண்டு, அதே விரலால் தகட்டைப் பொருத்துவது என் வழக்கம். சாணச் சாம்பலில் கால்சியம் உண்டு; நான் அளந்தது அந்தச் சாம்பலின் சூட்டை.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து, தவறு முழுக்க என்னுடையது என்று எழுதி, பழைய அறிக்கையைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன். பிறகு திருநெல்வேலிக்காரரைத் தேடிப் போய், வேலை நிரந்தரமாகிவிடும் என்றும் கோடுகள் என் விபூதியால் வந்தவை என்றும் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன்.

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நீங்க படிச்சவங்க, சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் சார்," என்றார். "மூணு நாளா கையத் தேச்சுத் தேச்சுக் கழுவிட்டுல்லா இருந்தேன்."

விரல் நுனிகள் சிவந்து தோல் உரிந்திருந்தன.