காளிதாஸுக்கு நான் வாங்கிக் கொடுத்த லேப்டாப்

கோழிப்பண்ணையாளர் மலருக்கு எழுதச் சொன்னால் எல்லோரும் தங்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். என்னைப் பற்றி எழுத எனக்கும் நிறைய இருக்கிறது. மூன்றாம் வகுப்போடு நின்றவன், சைக்கிளில் முட்டை கட்டி விற்றவன், இன்று மோகனூர் ரோட்டில் கோழிக்கு நான்கு கொட்டகை, எங்கள் பேச்சில் செட், போட்டிருக்கிறேன். கோழியைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவேன். தராசு பிறகுதான் ஒத்துக்கொள்ளும். ஆனாலும் இந்தத் தடவை காளிதாஸைப் பற்றி எழுதுகிறேன்.

காளிதாஸ் கெங்கவல்லிப் பக்கம். அப்பா கிணறு வெட்டப் போனவர். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு இங்கே வந்து இருபது வருஷம் ஆகிறது. நான்கு பக்கமும் அடைத்த செட்டில் கோழிக்குக் காற்று ஃபேன்தான். எந்த ஃபேன் எப்போது ஓட வேண்டும் என்று முடிவு செய்வது கண்ட்ரோலர் பெட்டி. அந்தப் பெட்டிக்கு வைத்தியம் பார்ப்பவன் காளிதாஸ். சுற்றுவட்டாரத்தில் முப்பது பண்ணைகள் அவனை நம்பியிருந்தன.

அவனிடம் செங்கல் கனத்தில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. அதை மொபெட்டில் குழந்தை மாதிரி கட்டிக்கொண்டு வருவான். பக்கவாட்டில் அகலமான ஓட்டை இருக்கும். பெட்டியிலிருந்து வரும் லேன் ஒயரை அதில் சொருகினால் போதும், வேலை முடிந்தது.

அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. போன ஆயுத பூசைக்குச் சேலம் போய், கடையில் இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கையில் தூக்கிப் பார்த்தேன். இருப்பதிலேயே லேசானதை எடுத்தேன். முட்டைக்கோழியை விட லேசு. பூசையில் எல்லோர் முன்னாலும் சந்தனம் வைத்துக் கொடுத்தேன். காளிதாஸ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஏனுங்கய்யா, ரெண்டு சின்ன ஓட்டைதான் இருக்குதுங்க. நம்ம ஒயரு இதுல போவாதுங்களே."

"அதுக்கொரு கனெக்டர் இருக்குதாமப்பா. கடைக்காரன் சொன்னான்."

முட்டை பொறுக்கும் வள்ளியாத்தாள் விடவில்லை. "பொண்ணு குடுக்கறாப்புல சந்தனம் வெச்சுக் குடுக்கறாரு. நீயி ஓட்டைய எண்ணிக்கிட்டு நிக்கறயே!"

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். "அந்தப் பழச இங்க வெய்யி சாமி" என்று நானே வாங்கி, மறுநாள் கடையில் கழித்துக்கட்டினேன். கொடுக்கும்போது அதை ஒரு தடவை துடைத்துக் கொடுத்தான். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

விரல் நீளக் கனெக்டர் ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான். சொருகிச் சொருகி அது லொடலொடத்துப் போய் இரண்டாவது வாங்கினானாம். என்னிடம் வாய் திறக்கவில்லை.

இந்தச் சித்திரையில் ஒரு நாள், மத்தியானம் இரண்டு மணி. கரண்ட் போய்த் திரும்பி வந்த உதையில் இரண்டாம் செட்டின் பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டது. பதினெட்டில் இரண்டு ஃபேன்தான் ஓடியது. உள்ளே முப்பதாயிரம் கோழி. நல்ல வேளை, காளிதாஸ் பக்கத்துச் செட்டிலேயே இருந்தான். ஓடி வந்தான், பெட்டியைத் திறந்தான், லேப்டாப்பை விரித்தான், பைக்குள் கையை விட்டான். கையை வெளியே எடுக்கவே இல்லை.

"ஐயா, கனெக்டர மோகனூர்ப் பண்ணையில பெட்டியிலயே விட்டுட்டு வந்துட்டனுங்க."

பண்ணை ஆள் அப்புசாமியைப் பைக்கில் விரட்டினேன். போய் வர அரை மணி நேரம். அந்த வெயிலில் அடைத்த செட்டில் கோழி அரை மணி தாங்காது. கையால் போடுகிற சுவிட்சு அந்தப் பழைய பெட்டியில் கிடையாது. காளிதாஸ் ஒயரை வெட்டி, ஒவ்வொரு ஃபேனாக நேராகக் கரண்டில் இணைக்க ஆரம்பித்தான்.

"கோழியெல்லாம் வாயப் பொளந்துட்டுக் கெடக்குதுங்க!" என்று வள்ளியாத்தாள் கதவுகளைத் திறந்துபோட்டாள்.

"நான் என்ன சாமி பண்ணட்டும்?" என்று கேட்டேன்.

"நவுந்து நில்லுங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க."

நகர்ந்து நின்றேன். நான்கு செட்டுக்காரன் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

அப்புசாமி வரும்போது ஏழு ஃபேன் ஓடியது. கனெக்டரைச் சொருகிய இரண்டாவது நிமிஷத்தில் பதினெட்டும் ஓடியது. காற்று வந்தது. மேல் அடுக்குக் கூண்டுகளில் சத்தமே இல்லை. பாதிக்கு மேல் போய்விட்டது.

மறுநாள் ஜே.சி.பி. வைத்துக் குழி தோண்டிப் புதைத்தோம். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்து நின்றார்கள். காளிதாஸ் அவர்கள் முன்னாலேயே சொன்னான்: "தப்பு என்னுதுங்கய்யா. மறந்துட்டு வந்துட்டேன்." நான் அப்போது பேசியிருக்க வேண்டும். "செரி, உடு" என்று மட்டும் சொன்னேன்.

ஒரு மாதத்தில் பதினோரு பண்ணைகள் அவனை நிறுத்திவிட்டுத் திருச்செங்கோட்டிலிருந்து வேறு ஆளைக் கூப்பிட ஆரம்பித்தன. எனக்குத் தூக்கம் போயிற்று. ஒவ்வொரு பண்ணையாக நானே போனேன். "தப்பு அவன் மேல இல்ல. நல்லா ஓடிட்டிருந்த மிசினப் புடுங்கிட்டு, ஓட்டை இல்லாதத வாங்கிக் குடுத்தவன் நானு" என்று சொன்னேன். மோகனூர் அருணகிரி இளநீர் வெட்டிக் கொடுத்தான்.

"உங்களுக்குப் பெரிய மனசுங்க மாமா. இத்தன கோழி செத்தும் அவன உட்டுக்குடுக்காம பேசறீங்க பாருங்க."

"நெசமாத்தாண்டா சொல்றேன்."

"தெரியுமுங்க, தெரியுமுங்க. நீங்க எளநியக் குடிங்க."

பதினோரு இடத்திலும் இதே பதில்தான். என் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத ஊர் இது. நான் செய்தது தப்பு என்றால் மட்டும் நம்ப மாட்டேன் என்கிறது. காளிதாஸ் இப்போது வாரத்தில் மூன்று நாள் வீட்டில் இருக்கிறான்.