ஏழுநிலா நகர் - உடனே குடியேறலாம்!

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. பொன்னேரியில் எங்கள் வீட்டு பெல் அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு கணவன், மனைவி. அவர் கையில் குடை, அந்த அம்மா கையில் டிபன் கேரியர்.

"வேன் எங்க சார்?" என்றார் அவர்.

"எந்த வேன்?"

"சைட்டு பாக்கத்தான். நாங்கதான் ஃபர்ஸ்ட்டா?"

என்னிடம் வேனும் கிடையாது, சைட்டும் கிடையாது. பிறகு ஏன் வந்தார்கள் என்று சொல்கிறேன்.

நான் புத்தகம் போடப்போகிறேன், போடப்போகிறேன் என்று இந்தப் பக்கத்தில் உங்களை எத்தனை வாரம் பயமுறுத்தியிருப்பேன்? போட்டேவிட்டேன். சொந்தச் செலவில். கட்டுரைத் தொகுப்பு. எதைப் பற்றி? இல்லாத ஒரு ஊரைப் பற்றி! வானத்தில் ஏழு நிலா உள்ள நகரம். அங்கே ரேஷன் கடை எப்படி நடக்கிறது, மழைக்கு யார் பொறுப்பு, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது... கதையே கிடையாது. சுத்தமான கட்டுரைகள். நாள் முழுக்க கும்மிடிப்பூண்டி ஸ்டீல் கம்பெனியில் கம்பியை வளைத்து வளைத்து டெஸ்ட் பண்ணுகிறவன் வேறு எங்கேதான் போய் வாழ்வான்?

பதிப்பகங்களுக்கு போன் செய்தேன். "கதையா, கட்டுரையா?" என்பார்கள். "கற்பனை ஊரைப் பற்றிய கட்டுரை" என்பேன். லைன் கட்டாகிவிடும். எல்லா இடத்திலும் அதே இடத்தில்தான் கட்டானது.

கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பிரஸ் வைத்திருக்கும் தாமோதரனிடம் கொடுத்தேன். நல்ல மனிதர். அவருடைய முழுநேரத் தொழில் மனை விற்பனை நோட்டீஸ் அடிப்பது. இந்தப் பக்கம் காலி நிலம் எங்கே இருந்தாலும் அதற்கு முதலில் நோட்டீஸ் வரும், அப்புறம்தான் ரோடு வரும். நோட்டீஸ் தாமோதரனுடையதாக இருக்கும்.

உள்பக்கங்களை நான் ஐந்து தடவை புரூஃப் பார்த்தேன். அட்டையை அவரிடமே விட்டுவிட்டேன். விடலாமா? விட்டேனே!

புத்தகக் கட்டு வந்தது. நான் வைத்த தலைப்பு 'ஏழுநிலா நகரம்'. அட்டையில் இருந்தது 'ஏழுநிலா நகர்'. பின்அட்டையில் நான் ஆசையாக வரைந்த ஊர் வரைபடத்துக்கு மனை மனையாக நம்பர் போட்டு, குறுக்கே 'முப்பது அடி ரோடு' என்று எழுதி, கீழே கொட்டை எழுத்தில் - 'உடனே குடியேறலாம்!'

பிரஸ்ஸுக்கு ஓடினேன்.

"நகரம்னு யாருமே போடமாட்டாங்க சார். நகர்னுதான் வரும். நீங்க மிஸ்டேக்கா எழுதிக்கிறீங்கன்னு நெனச்சிக்கினு நான்தான் திருத்துனேன்" என்றார் தாமோதரன், நன்றியை எதிர்பார்க்கும் முகத்தோடு.

"உடனே குடியேறலாம்?"

"பின்னாடி எடம் காலியா கெடந்துச்சு. நல்லாவா இருக்கும்? நீங்க பேஜாராவாதீங்க. மிச்ச காப்பிக்கு வேற அட்டை போட்டுத் தரேன்."

ஒரே ஒரு 'அம்'தான் குறைந்தது. 'நகரம்' என்றால் கற்பனை, 'நகர்' என்றால் பிளாட்.

ஆனால் எனக்குப் பொறுமை ஏது? என் ஆசை ரொம்பச் சின்னது. ஒரே ஒரு ஆள் அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்க வேண்டும். நண்பர்கள் வாட்ஸ்அப்பில் "சூப்பர்" என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். என் மனைவி "அட்டை நல்லாருக்குங்க" என்று சொல்லி அதோடு முடித்துக்கொண்டாள். அட்டை!

எனவே, அட்டை மாறும்வரை காத்திருக்காமல் சிப்காட் டீக்கடையில் பத்து காப்பி வைத்தேன், இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று. சாயங்காலத்துக்குள் பத்தும் காலி. நான் தரையில் நடக்கவே இல்லை.

மறுநாள் முதல் போன். "சார், ஏழுநிலா நகர் எங்க கீது?"

ஆஹா, முதல் வாசகர்! நெகிழ்ந்துபோய், "அது உங்க மனசுக்குள்ளதான் இருக்கு" என்றேன்.

"அதுக்கு எந்த ஸ்டேஷன்ல எறங்கணும்?"

அடுத்தவர் "அப்ரூவ்டு பிளாட்டா?" என்றார். அதற்கடுத்தவர் கிணறு உண்டா என்று கேட்டார். நான் போனை அணைத்து வைத்தேன். புத்தகத்தில் முகவரியும் போட்டிருந்தது எனக்கு மறந்தே போய்விட்டது.

அப்படித்தான் முனிரத்தினம் வந்து சேர்ந்தார். எங்கள் கம்பெனிக்கு இரண்டு கேட் தள்ளி, உருக்காலையில் ஃபர்னஸ் ஆபரேட்டர். கல்யாணம் ஆன நாளிலிருந்து வாடகை வீடு. மனைவி பெயர் லலிதா.

உட்கார்ந்ததும் பையிலிருந்து புத்தகத்தை எடுத்தார். பார்த்து ஆடிப்போனேன். பக்கத்துக்குப் பக்கம் நீல மையில் அடிக்கோடு! ஓரத்தில் கேள்விக்குறி!

"முழுசா படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"மூணு தபா படிச்சிட்டேன். ஊடு கட்டப்போற எடமாச்சே, வில்லங்கம் பாக்காம வர முடியுமா?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தியமாக!

"ஒரு டவுட்டு சார். பதினாலாம் பக்கத்துல ஆறு கெழக்கால போவுது. அறுபத்தொண்ணுல மேற்கால போவுதுன்னு எழுதிக்கிறீங்க. இன்னா சார், ஏரிப் பொறம்போக்கா?"

ஐந்து தடவை புரூஃப் பார்த்தவன் கண்ணில் படாத தப்பு!

"அப்புறம், ஏழு நிலான்னா அமாவாச எப்ப வரும்? கிரகப்பிரவேசத்துக்கு நாள் பாக்கணும்ல."

என் மனைவி இட்லித் தட்டோடு வந்து, என்னைப் பார்த்து 'சொல்லித் தொலையுங்கள்' என்று கண்ணைக் காட்டினாள். சொன்னால் இந்த மனிதருடைய வீட்டுக் கனவு போய்விடும். எனக்கு வாய்த்த ஒரே வாசகரும் போய்விடுவார். சொல்லாமல் இருந்தால்? டிபன் கேரியரோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்களே!

சொன்னேன். அப்படி ஒரு ஊரே இல்லை, எல்லாம் என் கற்பனை, அட்டையில் நடந்த குளறுபடி என்று எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்போது எனக்கு வெட்கமாக இருந்தது.

முனிரத்தினம் புத்தகத்தை மூடினார். லலிதாதான் முதலில் சிரித்தார்.

"நான் அப்பவே கேட்டேன் சார், ஏழு நிலா எங்கனா இருக்குமான்னு. அப்ப கரண்ட் பில்லு கம்மியா வரும்மேன்னுச்சு இந்த மனுசன்!"

முனிரத்தினம் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "இல்லாத ஊருக்கு இன்னாத்துக்கு சார் இவ்ளோ வெவரமா எழுதுன?" என்றார்.

முதல்முறையாக ஒருவர் என் புத்தகத்தைப் பற்றி உருப்படியாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார். "இருந்தா நல்லாருக்குமேன்னுதான்..." என்று இழுத்தேன்.

அவர் தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, "நாஷ்டா ஆறுது" என்று இட்லியைப் பிட்டார். அவர்கள் கொண்டுவந்த புளிசாதத்தை எங்களோடு பகிர்ந்துகொண்டார்கள். மனை பார்க்க வந்தவர்கள் கடைசியில் எங்களுக்கே சோறு போட்டுவிட்டுப் போனார்கள்.

கிளம்பும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார் முனிரத்தினம். "ஊரே இல்லன்னா வில்லங்கமும் இல்லல்ல?"

"இல்லை."

"அப்ப ஆத்தைக் கெழக்காலயே வுட்ருங்க. பின்னட்டையில இருவத்திமூணாம் நம்பரு, கார்னரு மனை. அத்த என் பேருக்கு எழுதிடுங்க சார்."

மறுநாளே ஒரு பிழைதிருத்தச் சீட்டு தயார் செய்தேன். 'அறுபத்தொன்றாம் பக்கத்தில் மேற்கு என்பதைக் கிழக்கு எனப் படிக்கவும். இருபத்துமூன்றாம் எண் மனை திரு. முனிரத்தினம், திருமதி லலிதா ஆகியோருக்கு உரியது.' அதை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்குப் போனேன். தாமோதரன் புது அட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தார். அதில் அழகாக, தப்பில்லாமல், 'ஏழுநிலா நகரம்'.

"இப்ப கரெக்ட்டா சார்?"

"பழைய அட்டையே இருக்கட்டும்" என்றேன். "அங்க ஒரு குடும்பம் குடியேறிடுச்சு."