காளையின் போனுக்கு வந்த கேள்வி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். நடந்தது நடந்ததுதான். அஸ்வினியைக் கேட்டால் இன்றைக்கும் இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டுதான் சொல்லத் தொடங்குவாள்.

சமயநல்லூர்க்காரி. கம்பெனிகளில் கேமரா, நெட்வொர்க் எல்லாம் மாட்டிக் கொடுக்கிறவள். கெட்டிக்காரிதான். ஆனால் எதையும் தள்ளிப் போடுகிற பாழாய்ப் போன பழக்கம். போன வைகாசியில் ஒரு புதன்கிழமை, கப்பலூரில் இருக்கும் ஐஸ்கிரீம் குளிர்கிடங்கு ஒன்றுக்குப் போனாள்.

அந்தக் கிடங்குக்குள் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்த வேண்டும். வெளிச்சுவரில் இருக்கும் பெட்டி உடனே மேனேஜருக்கு மெயில் அனுப்பும். முன்பெல்லாம் அந்தப் பெட்டிக்கு ஒரு பாஸ்வேர்டு போதும். பாதுகாப்பு இல்லை என்று மெயில்காரர்கள் அதை நிறுத்திவிட்டார்கள். இனி மெயில் கணக்குக்குச் சொந்தக்காரர் தன் போனில் 'ஆமாம், நான்தான்' என்று அழுத்தினால்தான் மெயில் போகும்.

கணக்கு அங்கே வேலை பார்த்த காளையுடையது. கம்பெனிக்கென்று தனியாக ஒன்று தொடங்கச் சோம்பல்பட்டு, அஸ்வினிதான் அவனுடையதைப் போட்டுவிட்டிருந்தாள்.

"அக்கா, மெயில் போக மாட்டேங்குது. வந்து பாருங்க," என்று காளை இரண்டு தடவை போன் செய்தான்.

"அடுத்த வாரம் வாரேன்டா."

அந்த வாரத்துக்குள் காளை உள்ளே மாட்டிக்கொண்டான். பட்டனை அழுத்தினான். உள்ளே சிக்னல் கிடையாது, மெயில் போகவில்லை. சாயங்காலம் பிணமாகத்தான் எடுத்தார்கள்.

அந்தக் கிடங்குக்குத்தான் அந்தப் புதன்கிழமை அஸ்வினி போயிருந்தாள். குற்ற உணர்ச்சி அவளைத் தின்றுகொண்டிருந்தது.

மணி 2.10. மேனேஜர் அருண்பாண்டி தொழிற்பேட்டை வாசலில் இருக்கும் மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போயிருந்தார். புதுக் கணக்கு போடுவதற்கு முன் அஸ்வினி பழையதை ஒருமுறை சோதித்தாள். 2.17. பெட்டியின் திரையில் எழுத்து வந்தது.

'காளையின் போனில் அனுமதி கேட்கப்படுகிறது... காத்திருக்கவும்.'

திரையை அப்படியே விட்டுவிட்டு, பட்டனின் வயரைப் பார்க்கக் கிடங்குக்குள் போனாள். கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க மர ஸ்டூல் ஒன்றை முட்டுக் கொடுத்தாள். இரண்டு தடவை அசைத்தும் பார்த்தாள்.

டப்.

கதவு மூடிக்கொண்டது. விளக்கும் அணைந்தது.

உள்பக்கக் கைப்பிடி இறுகிக் கிடந்தது... அசையவில்லை. அவள் போனில் சிக்னல் இல்லை. தடவித் தடவிச் சிவப்பு பட்டனைக் கண்டுபிடித்து அழுத்தினாள். அதற்குப் பிறகுதான் நினைவு வந்தது. மெயில் போகாது. அனுமதி கொடுக்க வேண்டியவன் செத்துப் போய்விட்டான்.

2.25. விரல்கள் மரத்தன.

2.31. பல் தந்தியடித்தது.

"காளை... தப்புதான்டா... என்னைய விட்ருடா..."

2.38.

டிங்.

அவள் போன் இல்லை.

ஐஸ்கிரீம் பெட்டி அடுக்குக்குப் பின்னால்... நீல வெளிச்சம். ஒரு போன் திரை. ஆள் உயரத்தில். யாரோ கையில் பிடித்திருப்பதுபோல...

அணைந்தது.

கதவு திறந்தபோது மணி 2.44. அருண்பாண்டி மூச்சிரைக்க நின்றார். கையெல்லாம் சோறு.

"மெயில் வந்துச்சும்மா. அப்படியே எந்திரிச்சு ஓடியாரேன்."

"ஸ்டூல யாருண்ணே எடுத்தது?"

"எந்த ஸ்டூலு?"

அது ஆபீஸ் மேசைக்கு அடியில், எப்போதும் கிடக்கும் இடத்தில் கிடந்தது. பெட்டியின் திரையில் ஒரே ஒரு வரி. '2.38. காளையின் போனிலிருந்து அனுமதி வழங்கப்பட்டது.'

ஞாயிற்றுக்கிழமை அஸ்வினி சோழவந்தானுக்குப் போனாள். காளையின் அம்மா ராமக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு, தள்ளிப் போட்டது தன் தப்புதான் என்று அழுதாள். பிறகு, போன் யாரிடம் இருக்கிறது என்று கேட்டாள்.

"யாருட்ட இருக்கும்? அது இல்லாம அவன் ஒரு நிமிசம் இருக்க மாட்டானே. குழிக்குள்ள அவன் நெஞ்சு மேல வச்சுத்தான் தாயி மூடுனோம்."

ராமக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்த ஐஸ் ரூமுக்குள்ள இருந்து அவன வெளிய கொண்டாந்து சிக்னல் கெடச்சதுமே அந்தப் போன்ல ஒரு கேள்வி வந்து நின்னுச்சு. 'இது நீங்கள்தானா'ன்னு கேக்குதுன்னு பக்கத்து வீட்டுப் புள்ள படிச்சுச் சொன்னா. செத்தவன்ட்ட இது என்ன கேள்வின்னு, யாரும் எதையும் அமுக்காம அப்படியே பொதச்சுட்டோம்."