சித்தியின் இரட்டைப் பிள்ளைகள்

புற்றுநோய்க்கு எதிரான இரவு நடைபயணம் எங்கள் ஊர்ச் சந்தியைக் கடந்து போகப்போகிறது என்று பங்குச் சுவாமி பூசை முடிவில் அறிவித்ததும் எங்கள் இளைஞர் மன்றத்துக்கு உயிர் வந்தது. அதுவரை நாங்கள் செய்த பொதுப்பணி, நத்தாருக்கு வீடு வீடாகப் பாடிக் கேக் சாப்பிட்டதும் திருவிழாவுக்குக் கொடி கட்டியதும்தான். தலைமன்னாரில் மாலையில் தொடங்கி, விடிய மன்னார் நகரத்தில் முடிகிற நடை அது. ஓலைத்தொடுவாய்ச் சந்தியில் தேநீர் கொடுப்பது எங்கள் பொறுப்பு. நோயிலிருந்து மீண்டவர்கள் முழுத் தூரமும் நடக்க வேண்டியதில்லை. எங்கள் சந்தியில் வந்து சேர்ந்து, ஊதாச் சால்வை போட்டுக்கொண்டு, மிச்சத் தூரத்தை எல்லாருக்கும் முன்னால் நடப்பார்கள்.

ஒலிபெருக்கியை மன்றத் தலைவர் தானே எடுத்துக்கொண்டார். அதற்காகத்தான் அவர் தலைவரானார் என்பது எங்கள் நம்பிக்கை. சால்வை மேசை எனக்கு. வீதியிலிருந்து கழுதைகளை விலத்தும் வேலை நான்கு பொடியன்களுக்கு. எங்கள் தீவில் இரவானால் தார் வீதியின் சூட்டுக்குக் கழுதைகள் நடுவில் வந்து நின்றுவிடும். பொடியன்கள் பிஸ்கட் காட்டி அவற்றை ஓரமாக அழைத்துப் போனார்கள். கழுதைகளுக்குள் செய்தி பரவ வெகுநேரம் எடுக்கவில்லை. நடப்பவர்கள் வருமுன்பே சந்தியில் கழுதைகள்தான் பெருங்கூட்டம்.

தேநீருக்கு நாங்கள் போட்ட திட்டத்தைக் கேட்ட அம்மா, "இவ்வளவு தண்ணிக்கு இவ்வளவு தேயிலையோ? இது தேத்தண்ணியோ, தீர்த்தமோ?" என்று கேட்டுவிட்டு, கிடாரத்தையும் அகப்பையையும் தன் கைக்கு எடுத்துக்கொண்டா. அம்மா அந்த இரவு அங்கே வந்தது தேத்தண்ணி ஊற்றத்தான். அதைத் திரும்பத் திரும்ப எல்லாருக்கும் சொன்னா.

அதற்குக் காரணம் இருந்தது. நான் உயர்தரம் படித்த காலத்தில் அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. கொழும்புக்குப் போய்ச் சத்திரசிகிச்சை செய்து, மாதக்கணக்காக மருந்து ஏற்றி மீண்டு வந்தா. வீட்டில் எங்கள் மூன்று பேருக்கும் கொழும்பில் இருக்கும் சித்திக்கும் தவிர வேறு யாருக்கும் அது தெரியக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. ஊர் தன்னைப் பார்த்து "ஐயோ பாவம்" என்று சொல்லிவிடும் என்று அவவுக்குப் பெரிய பயம். ஆகையால் முதல் தடவை போகும்போது, "தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கு, பார்க்க ஆளில்லை" என்று சொல்லிவிட்டுப் போனா. உண்மையில் சித்தியின் ஒரே மகன் அப்போது மீசை வழிக்கத் தொடங்கியிருந்தான்.

பிறகு அந்தப் பிள்ளைக்குச் சளி பிடித்தது. ஞானஸ்நானம் நடந்தது. பல் முளைத்தது. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு காரணம் வேண்டியிருந்தது. அப்பா கடலில் எந்தக் காற்றையும் சமாளிப்பார். பொய் மட்டும் வராது. படகடியில் யாரோ என்ன பிள்ளை என்று கேட்க, பதறிப்போய், "பொடியன்" என்றுவிட்டார். அம்மா ஏற்கெனவே பொம்பிளைப் பிள்ளை என்று சொல்லியிருந்தா. அதோடு எங்கள் ஊர்க் கணக்கில் சித்திக்கு இரட்டைப் பிள்ளைகளாகிவிட்டன. தலைமயிர் கொட்டியபோது அம்மா எந்நேரமும் தலையை மூடிய முட்டாக்கோடு திரிந்தா. நற்கருணைக்கு எப்படி மரியாதை செய்ய வேண்டும் என்று சுவாமி பிரசங்கத்தில் அம்மாவை உதாரணம் காட்டினார்.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒவ்வொரு பயணத்துக்கும் பால்சுறாக் கருவாடு கட்டித் தருவா. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க வேண்டுமே. அதைக் கொழும்பில் அம்மாவே சாப்பிட்டா. அந்த மருந்து நாட்களில் அவவின் வாய்க்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

நடைபயண இரவில் முன்வரிசையில் ஆறு கதிரைகள் போட்டிருந்தோம். தலைவர் ஒலிபெருக்கியில், "நோயை வென்றவர்கள் முன்னால் வந்து அமருங்கோ" என்று அழைத்தார். உயிலங்குளத்திலிருந்து வான் பிடித்து வந்த ஒரு ஐயா மட்டும் போய் இருந்தார். வயல் செய்கிறவர், நெற்றி நிறையத் திருநீறு. தலைவர் திரும்பவும் அழைத்தார். பிறகு குரலை மாற்றி அழைத்தார். ஒருவரும் வரவில்லை.

"தம்பி, என்னைத் தனிய இருத்திப்போட்டு இப்பிடிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தா, பொம்பிளை வராத கலியாண வீடு மாதிரிக் கிடக்கு" என்றார் ஐயா.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தா. ஒரு கோப்பைத் தேநீரைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிட்டு விரைவாகத் திரும்பி வந்து கிடாரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டா. நான் சால்வைகளை மடித்து, விரித்து, மறுபடி மடித்தேன். அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை.

அப்போது, கோப்பை கழுவிக்கொண்டிருந்த பெரியம்மா தலை நிமிராமல் சொன்னா: "தங்கச்சி, அந்த மனுசன் தனிய இருக்குது. போய்ப் பக்கத்திலை இரன்."

"நான் என்னத்துக்கு அக்கா? நான் தேத்தண்ணிக்கு வந்தனான்."

"பால்சுறா நான் ஆருக்குத் தந்தனான் எண்டு நினைச்சனீ?"

அகப்பை கிடாரத்துக்குள் நின்றுவிட்டது.

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. உன்ரை தங்கச்சி திருவிழாவுக்கு வந்தவதானே? மீசையோடை ஒரு பொடியன் வந்தவன். இரட்டைப் பிள்ளையளை எங்கை விட்டிட்டு வந்தவ?"

"அப்ப ஊருக்கெல்லாம் தெரியுமோ?"

"சுவாமிக்கும் தெரியும்."

அம்மாவின் முகம் சிவந்தது. "இவ்வளவு காலமும் என்னை விசரியாக்கிப் போட்டியளே! பேந்து ஏன் ஒவ்வொரு நாளும் பிள்ளையள் சுகமோ, பிள்ளையள் சுகமோ எண்டு கேட்டனீங்கள்?"

பெரியம்மா கையைச் சட்டையில் துடைத்தா. "நீ எப்பிடி இருக்கிறாய் எண்டு வேறை எப்பிடிக் கேக்கிறது? நீ பிள்ளையளுக்குக் காய்ச்சல் எண்டா எனக்கு விளங்கும். பல்லு முளைச்சிட்டுது எண்டு நீ சொன்ன அண்டைக்கு நான் கோயிலிலை மெழுகுதிரி கொளுத்தினனான்."

அம்மா அழப் போகிறா என்று நினைத்து நான் மேசையை விட்டு எழுந்தேன். அவ அழவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. பெரியம்மாவும் சேர்ந்து சிரித்தா. தலைவர் ஒலிபெருக்கியை வாயில் வைத்தபடியே, "என்ன, என்ன?" என்று கேட்க, அது சந்தி முழுவதும் கேட்டது. கடைசியில் அம்மா அகப்பையைப் பெரியம்மாவின் கையில் கொடுத்து, "சீனி கூடப் போட்டுடாதேங்கோ" என்று எச்சரித்துவிட்டு, போய் ஐயாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தா. நான் சால்வையை அவவின் தோளில் போட்டேன். பழக்கதோசத்தில் அவ அதை எடுத்துத் தலையில் முட்டாக்குப் போட்டுக்கொண்டா.

அம்மா இருந்ததைப் பார்த்து, கூட்டத்துக்குள்ளிருந்து எங்கள் சந்திக் கடைக்காரர் மெல்ல எழும்பி வந்தார். வந்து மூன்றாவது கதிரையில் இருந்தார். அவர் மாதத்துக்கொரு தடவை சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போவதாகச் சொல்லுகிறவர். அவர் விஷயம் மட்டும் ஊருக்கே தெரியாது.

"அதுதானே பார்த்தனான்," என்றா பெரியம்மா. "கடையிலை ஒரு புதுச் சாமானையும் காணேல்லை."

கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

நடை மறுபடி புறப்பட்டபோது மூன்று பேரும் எல்லாருக்கும் முன்னால் நடந்தார்கள். முதலுதவிப் பையோடு நான் பக்கத்தில் போனேன். வழியெல்லாம் ஐயாவும் அம்மாவும் தங்கள் தங்கள் மருந்தைப் பற்றிக் கதைத்தார்கள். யாருக்குக் கூட வாந்தி வந்தது, யாருடைய நாக்கு அதிகம் புண்ணாயிற்று என்று ஒரு போட்டியே நடந்தது. அம்மா விட்டுக்கொடுக்கவில்லை. இத்தனை வருடம் வாயை மூடி வைத்திருந்தவ இவ்வளவு கதையையும் எங்கே வைத்திருந்தா என்று நான் வியந்துகொண்டு நடந்தேன். நகரத்தை அடையும்போது கடல் பக்கம் வெளுத்திருந்தது. ஐயா, அறுவடை முடியத் தன் வீட்டுக்கு வரவேண்டும் என்று சொல்லி அம்மாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு வானில் ஏறினார். எனக்குக் காலில் கொப்புளம். பையிலிருந்து மருந்தெடுத்துப் பூசிவிட்டது அம்மாதான்.

இப்போது கொழும்புக்குப் போகச்சொல்லி வைத்தியர் எழுதிக் கொடுத்த நோயாளிகள் எங்கள் வீடு தேடி வருகிறார்கள். அம்மாவுக்குச் சந்தோசத்தில் ஒரே புழுகம். எந்தப் பஸ்ஸில் போவது, ஆஸ்பத்திரியில் எந்த வாங்கில் இருந்தால் மின்விசிறிக் காற்று வராது, எந்தத் தாதி ஏசினாலும் நல்லவ என்று எல்லாம் சொல்லுவா. பெரிய வெள்ளிப் பிரசங்கம்கூட அதைவிடச் சுருக்கமாக இருக்கும். போன கிழமை அரிப்பு என்ற ஊரிலிருந்து ஒரு பெண் புருசனோடு வந்து, வாசலிலேயே நின்றா.

"அக்கா, கொஞ்சம் மெதுவாக் கதைப்பமோ? ஒருத்தருக்கும் தெரியாது" என்றா.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"உள்ளை வாங்கோ" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தா. "அதுக்கென்ன, நீங்கள் சொல்லுற வரைக்கும் எனக்கும் தெரியாது."

பிறகு எனக்குக் குரல் கொடுத்தா: "பிள்ளை, தேத்தண்ணி போடு. கதவையும் சாத்திவிடு."