ஊட்டிக்குப் போகாத எஸ்டி

தங்கராசு போய்விட்டான்.

காலையில் அவன் மகன் போன் பண்ணினான். "மாமா, அப்பா போயிட்டாவ. தூக்கத்துலயே..." என்றான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டியில் இருந்தவர்களுக்கு 'எஸ்டி தங்கராசு' என்றால் தெரியும். ஒரு தீப்பெட்டி ஆபீஸில் அவனுக்கும் எனக்கும் ஆர்டர் பிடிக்கிற வேலை. அவனிடம் எஸ்டி பைக், என்னிடம் புல்லட்.

அவனிடம் ஒன்றை நாற்பது வருஷமாகச் சொல்லாமல் இருந்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம்.

டீக்கடையில் எங்கள் சண்டை தினமும் உண்டு. "ஒன் வண்டி வாரது சாத்தூர்லயே கேக்குதுலே" என்பான். "ஒன் வண்டி பொக விட்டுக்கிட்டு ஒரு ரவுண்டு போனா தெருவுல கொசுவே இருக்காதுலே" என்பேன் நான். லாங் டிரைவுக்கு புல்லட்தான், முதுகு வலிக்காது. பிக்கப்புக்கு எஸ்டிதான், கண் மூடித் திறப்பதற்குள் காணாமல் போய்விடும். இதை ரெண்டு பேரும் மனசுக்குள் ஒத்துக்கொண்டிருந்தோம். வாயைத் திறந்து மட்டும் சொன்னதில்லை.

ஒரு ஐப்பசியில் பசுவந்தனைப் பக்கம் குறுக்குப் பாதையில் போய் மாட்டினோம். நல்ல மழை. கரிசல் மண் மட்கார்டுக்குள் அப்பிக்கொண்டால் சக்கரம் சுற்றவே சுற்றாது. இதற்கென்றே அவன் கேரியரில் ஒரு கம்பு கட்டி வைத்திருப்பான். தன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு என் புல்லட்டுக்குத்தான் முதலில் மண் நோண்டினான்.

"கனத்த மாட்ட மொதல்ல கர ஏத்துவோம்லே" என்றான். முழங்கால் வரை சேறு... அப்படிச் சிரித்தான்.

வண்டியை அப்படிப் பார்த்துக்கொள்கிற ஆளை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. எஸ்டிக்கு பெட்ரோலோடு ஆயிலும் கலக்க வேண்டும். புல்லட்டுக்கு அந்த வேலை இல்லை. பங்க்காரர் அளவை அவன் நம்ப மாட்டான். மருந்து குடிக்கிற அவுன்ஸ் கிளாஸ் ஒன்று அவன் டூல்பாக்ஸில் இருக்கும். ஆயிலை அதில் அளந்து ஊற்றி, பெட்ரோல் போட்டு, ஆயில் நன்றாகக் கலக்க வண்டியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டுவான். பங்க்கில் பின்னால் நிற்பவர்கள் திட்டுவார்கள். காதில் வாங்க மாட்டான்.

எங்கள் சண்டையைத் தீர்க்க ஊட்டிக்குப் போவதென்று முடிவு செய்தோம். மலை ஏற்றத்தில் எந்த வண்டி என்று பார்த்துவிடலாம். நாலு நாள் லீவு வாங்கியாகிவிட்டது. சீட்டுக்கு ரெண்டு பக்கமும் தொங்கவிட புதியம்புத்தூரில் ஒரு டெய்லரைப் பிடித்து கேன்வாஸ் பைகூடத் தைத்து வைத்திருந்தான். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் அந்தப் பையைக் காட்டுவான்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் என் புல்லட் கிளட்ச் வேலைக்காக மெக்கானிக்கிடம் நின்றது. குளத்தூரில் அக்கா வீட்டு விசேஷம். அவன் வண்டியைக் கேட்டேன், உடனே கொடுத்தான். "ஆயில மட்டும் மறந்துராதலே" என்று ரெண்டு தரம் சொன்னான்.

திரும்பி வரும்போது விளாத்திகுளத்தில் பெட்ரோல் ரிசர்வுக்கு வந்துவிட்டது. பங்க்கில், "ஆயில் போடணுமா?" என்று கேட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புல்லட்காரன் புத்தி... கை பழகியது வாயில் வந்துவிட்டது.

கோவில்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால்தான் இன்ஜின் சத்தம் வேறு மாதிரி கேட்டது. திரும்பிப் பார்த்தால் புகையே இல்லை. அப்போதுதான் ஆயில் போடாதது உறைத்தது. ஒரு கடையில் ஆயில் வாங்கி ஊற்றி, அவனைப் போலவே வண்டியை ஆட்டி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு எடுத்தேன். சத்தம் சரியாகிவிட்டது. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

"எப்பிடிலே ஓடுச்சு?" என்றான். "சூப்பர்" என்றேன்.

அடுத்த வாரம் ஊட்டிக்குக் கிளம்பினோம். சாத்தூர் தாண்டவில்லை... பிஸ்டன் ஜாம். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு ரோட்டில் இழுத்துக்கொண்டு போனது. அவனுக்குக் கையிலும் காலிலும் சிராய்ப்பு. அவ்வளவோடு போயிற்று, அவன் நல்ல நேரம். என் நல்ல நேரம்.

புல்லட்டில் கயிறு கட்டி எஸ்டியை ஊருக்கு இழுத்து வந்தேன். மெக்கானிக் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஆயில் பத்தாம ஓடியிருக்கு. சரியா ஊத்துனீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

தங்கராசு பிஸ்டனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "நாந்தாம்லே அளவு தப்பிட்டேன் போலுக்கு. ஒன் லீவையும் கெடுத்துட்டேன்" என்றான்.

நான் பக்கத்திலேயே நின்றேன். கையில் இழுத்து வந்த கயிறு.

அவன் வீட்டில் பயந்துவிட்டார்கள். எஸ்டியை விற்றான். அதற்குப் பிறகு எந்த வண்டியும் வாங்கவில்லை, ஆர்டர் பிடிக்க லைனுக்கு பஸ்ஸில்தான் போனான். டீக்கடையில், "எண்ணெ இல்லாம வட சுட்டவன் வாராம்லே" என்று கிண்டல் பண்ணுவார்கள். அவனும் சிரிப்பான். நானும் சிரித்திருக்கிறேன். எழுதவே கேவலமாக இருக்கிறது.

போன மாதம் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணித்தான் போனேன். அவன் பேரன் புது பைக் வாங்கியிருந்தான். தங்கராசு அவனிடம், "வண்டிய நல்லா பாத்துக்கிடுய்யா. தாத்தா அசால்ட்டா இருந்து ஒரு நல்ல வண்டியக் கொன்னவன். இந்தத் தாத்தாகிட்ட கேளு, கூட இருந்தது அவியதான்" என்றான்.

பேரன் என்னைப் பார்த்தான். "ஆமா" என்று தலையாட்டிவிட்டு, காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

கோவில்பட்டி பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். திருமங்கலம் தாண்டிவிட்டது. நாலு மணிக்கு எடுக்கிறார்களாம்.

வந்துக்கிட்டே இருக்கேம்லே தங்கராசு. நீ ஊத்துன ஆயில் சரியாத்தான் இருந்துச்சு.